கூண்டுச் சேவலின் பூர்வோத்திரம்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கோழித் தீவனம் விற்கும் கடைகளின் வாசலில், கம்பும் உடைத்த மக்காச்சோளமும் அரிசிக்குருணையும் நிரம்பிய சாக்குகளை ஒட்டி, கம்பிக் கூண்டுகளில் அடைபட்ட சேவல்கள் விலைக்கு நிற்பதைத் தீவனம் வாங்கப் போகிறவர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். பார்த்தும், அவை ஏன் அங்கே நிற்கின்றன என்று விசாரித்தவர்கள் சிலரே இருக்கக்கூடும். தீவனம் விற்குமிடத்தில் அதைத் தின்னும் பிராணியும் விற்கப்படுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், முட்டையிடும் பெட்டைகள் அங்கே அபூர்வமென்பதும், செவலையும் கறுப்பும் கீரியுமாகக் கொண்டை சிவந்த சேவல்களே மிகுதியென்பதும் புலப்படும். பக்கத்துக் கறிக்கடையில் வெள்ளை பிராய்லர் கோழியைத் தராசிலிட்டுக் கிலோ கணக்கில் விலை சொல்லுகிறார்கள். இந்தச் சேவல்களுக்கோ நிறத்தையும் கொண்டையையும் வாலின் வளைவையும் பார்த்து உருப்படிக் கணக்கில் பேரம் நடக்கிறது. இவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில், ஒரு பறவையின் சரித்திரத்தோடு, ஊரை விட்டுப் புறப்பட்டுக் கடலோரச் சேற்றுநிலத்தில் குடியேறிய ஒரு ஜனசமூகத்தின் சரித்திரமும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மாட்டுங்கா என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டு வாசகருக்கு நினைவு வருவது இருப்புப்பாதைக்குக் கிழக்கேயுள்ள மாட்டுங்காவாகத்தான் இருக்கும். 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், 1898இல் ஏற்படுத்தப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த விசாலமான வீதிகளும், 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், பஜனை சமாஜங்களும், இட்டலி மணக்கும் உணவு விடுதிகளும் நிறைந்த அந்த மாட்டுங்காவில் சேவல் கூவும் சப்தத்தைக் கேட்க முடியாது. இருப்புப்பாதையின் மேற்கே, தாராவியின் ஒரு பகுதியாகக் கிடக்கும் லேபர் கேம்ப், பெயரளவில் மாட்டுங்காவோடு சேர்ந்ததாயினும், ஜீவனத்தில் முற்றிலும் வேறானது. நகரசபையின் துப்புரவுத் தொழிலாளரும், பஞ்சாலைக் கூலிகளும், 1915 முதல் நடந்துவரும் மாட்டுங்கா ரயில்வே தொழிற்சாலை போன்ற இடங்களில் உழைத்தவர்களும், மராட்டியரும் தமிழரும் வட இந்தியருமாகக் கலந்து வாழ்ந்த குடியிருப்பு அது. மராட்டிய மக்கள் கவியும் நாவலாசிரியருமான அண்ணாபாவு சாத்தே, 1944இல் அமர் சேக், தத்தா கவாண்கர் ஆகியோரோடு சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்னும் பாடகர் குழுவைத் தொடங்கிய காலத்தில் இந்த லேபர் கேம்ப்பில் வசித்தவர்தான்.

தமிழர் இங்கே வந்து சேர்ந்த காரணம் பெரும்பாலும் தோல். கோலி இனத்து மீனவர்களின் கிராமமாக இருந்த தாராவியில், பாந்திராவில் நடந்துவந்த கசாப்புச்சாலையின் அண்மையை உத்தேசித்து, 1887 வாக்கில் தோல் பதனிடும் ஆலை அமைந்தது. நகரத்தின் மூக்குக்கு ஒவ்வாத தொழில்களை நகரத்தின் எல்லைக்குத் தள்ளிவிடும் நியாயமும் அதில் சேர்ந்திருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிட மக்களும், தோல் வியாபாரத்தில் பழகிய தமிழ் முஸ்லிம்களும் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வந்ததாகச் சொல்லுவது வழக்கமாயினும் அது சரியன்று; அவர்கள் தங்கள் தெய்வங்களைக் கூடவே கொண்டுவந்தார்கள். தாராவியின் பழைய பள்ளிவாசலுக்கு 1887ஆம் வருஷமும், அங்குள்ள பிள்ளையார் கோவிலுக்கு 1913ஆம் வருஷமும் சொல்லப்படுகின்றன. பெரிய கோவிலுக்குள் இடம்பெற்ற தெய்வங்கள் இப்படி ஸ்தாபிதமாக, ஊர் எல்லையில் வெயிலிலும் மழையிலும் நின்று காவல் புரியும் தெய்வங்களான சுடலைமாடனும் முத்தாரம்மனும் இசக்கியம்மனும் ஜனங்களின் நெஞ்சில் குடியிருந்தபடியே ரயிலேறி வந்தன. அந்தத் தெய்வங்களுக்குரிய சேவலும் அவற்றைத் தொடர்ந்து வந்தது.

சேவலுக்கும் தமிழருக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்த விஞ்ஞானிகள், 2008இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு, தென்னிந்திய மலைகளில் மிகுதியாக வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். ஆகவே இன்று உலகமெங்கும் உண்ணப்படும் மஞ்சள் தோல் கோழிகளில் நம் மேற்குமலைக் காட்டின் இரத்தமும் ஓடுகிறது. முருகனுடைய கொடியில் சேவல் இருக்கிறது. சூரபன்மன் இரு கூறாகி மயிலும் சேவலுமான கதை நடந்த தலமென்று போற்றப்படும் திருச்செந்தூர், தாராவித் தமிழர் பலருடைய பூர்வீகக் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சோழர் தலைநகராகிய உறையூரில் யானையை ஒரு கோழி எதிர்த்துத் துரத்திய ஐதிகம் பிரசித்தமானது.

இவையெல்லாம் புராணமும் ஐதிகமும் என்று ஒதுக்குகிறவர்களுக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில், ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. நடுகல்லென்றால் ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கும், புலியோடு பொருது விழுந்தவனுக்கும் எடுப்பது என்றே நாம் படித்திருக்கிறோம். இந்தக் கல்லிலோ செதுக்கப்பட்டிருப்பது ஒரு சேவல். முகையூர் மேற்சேரியின் சார்பில் களத்தில் நின்ற கோழி அது என்று எழுத்துச் சொல்லுகிறது. இந்தளூரில் கிடைத்த மற்றொரு கல்லில் கோழியின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. பொற்கொற்றி என்பது அந்தப் பெயர். நாட்டை ஆண்ட சிற்றரசர்கள் பலருடைய பெயர் காற்றோடு போய்விட, ஒரு சேரியின் மானத்துக்காகப் போரிட்ட கோழியின் பெயர் பதினைந்து நூற்றாண்டு கடந்து நம் கைக்கு வந்திருப்பது சாமானிய விஷயமன்று.

போர்க்களத்துக் கௌரவம் ஒன்று. பலிபீடத்துக் கௌரவம் மற்றொன்று. சேவலுக்குத் தமிழ்நாட்டு கிராமங்களில் இவ்விரண்டும் தொடர்ந்து இருந்துவந்தன. காலில் கத்தி கட்டியும் வெறுங்காலோடும் நடந்த சேவற்கட்டுகளில், காகம், கீரி, வல்லூறு, மயில், ஆந்தை என்று நிறத்தைக் கொண்டு இனம் பிரித்து, இன்ன நாளில் இன்ன நிறம் ஜெயிக்கும் என்று சாஸ்திரம் பார்த்தவர்கள் இருந்தார்கள்; கரூர்ப் பக்கத்துப் பூலாம்வலசில் பொங்கலை ஒட்டி நடக்கும் சேவற்கட்டு இன்றைக்கும் பேர்பெற்றது. திருநெல்வேலிப் பகுதியிலோ, வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இரவெல்லாம் நடக்கும் கொடைவிழாக்களில், வசதியுள்ளவன் கிடா வெட்டுவான். வசதியில்லாதவன் சேவல் கொடுப்பான். பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தாலும், வழக்கில் ஜெயம் கிடைத்தாலும், நெடுநாள் வேலையில்லாதிருந்தவனுக்குப் பம்பாயில் வேலை கிடைத்தாலும் ஏழையின் பிரார்த்தனை சேவலைக் கொண்டே நிறைவேறிற்று. ஆடு வாங்கச் சக்தியற்றவனையும் தெய்வத்தின் முன் கடனாளியாக நிற்கவிடாமல் காப்பாற்றிய பிராணி அது. அதன் மதிப்பை மாம்சத்தின் எடையால் அளவிட முடியாமற் போனது அதனால்தான்.

இந்த மரபோடு பம்பாய்க்கு வந்த மனிதர் கண்ட வாழ்வு வேறு மாதிரியானது. கிராமத்தில் கோழிக்குத் தீவனம் என்று யாரும் காசு கொடுத்ததில்லை. களத்தில் சிந்திய நெல்லையும், குப்பையில் கிளறிய புழுவையும், கறையானையும் தின்று அது வளர்ந்தது. இரவில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டால் போதும். லேபர் கேம்ப்பிலோ, சந்துக்கு இருபுறமும் வீடு நெருங்கி, நடுவில் சாக்கடை ஓடும் இடத்தில் களமும் இல்லை, குப்பைமேடும் வெகுகாலம் இல்லை. 1943 மே மாதத்தில் பம்பாயில் ரேஷன் முறை அமலுக்கு வந்து, மனிதருக்கே தானியம் அளந்து கொடுக்கப்பட்டபோது, கோழிக்கென்று தானியம் வாங்குவது ஒரு தொழிலாளி நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருந்திராது. சேவலின் மற்றோர் உத்தியோகமும் நகரத்தில் பறிபோயிற்று. விடியலை அறிவிப்பது கிராமத்தில் அதன் பொறுப்பு. பம்பாயிலோ தொழிலாளியைத் துயிலெழுப்பியது போங்கா என்று அவர்கள் சொன்ன ஆலைச் சங்கு. ஷிப்டுக்கு ஷிப்டு ஊதிய அந்தச் சங்கின் முன்னிலையில், யாரும் கேளாமல் கூவும் சேவல் உபயோகமற்ற பிராணியாகிவிட்டது. 1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த்தின் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுச் சங்குகள் ஓய்ந்தபோதும், பழைய உத்தியோகம் சேவலுக்குத் திரும்பி வரவில்லை. அதற்குள் கைக்கடிகாரம் எல்லோர் கையிலும் ஏறியிருந்தது.

இதற்கிடையில் கோழி வளர்ப்பே ஒரு பெருந்தொழிலாக மாறிற்று. ஆர்க்காட்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காட்பாடியில் நடத்திய விவசாயப் பள்ளி, வெள்ளை லெகார்ன் இனத்தைத் தமிழ்க் கிராமங்களில் பரப்ப முயன்றது இதன் பூர்வாங்கங்களில் ஒன்று. சுதந்திரத்துக்குப் பின், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதியை ஒட்டி மத்திய சர்க்கார் ஏற்படுத்திய பிராந்தியக் கோழிப் பண்ணைகளில் ஒன்று, பம்பாயின் வடக்கே ஆரே காலனியில் அமைந்தது. 1971இல் பூனாவில் வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸ் தொடங்கப்பட்டது. 1982இல் அதன் ஸ்தாபகர் பி. வி. ராவின் முயற்சியால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. நாமக்கல் முட்டையின் தலைநகராயிற்று. 2019ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் தேசத்தின் கோழியினங்கள் 85 கோடியைத் தாண்டின. அவற்றில் ஏறத்தாழ 12 கோடியோடு தமிழ்நாடு முதலிடம் வகித்தது. தீவனத்துக்கென்று தனிக்கடை வைத்துப் பிழைக்கலாம் என்ற நிலை இந்த விருத்தியின் விளைவே ஆகும். கோழி தானே தேடித் தின்ற காலத்தில் அந்த வியாபாரத்துக்கு இடமில்லை.

இந்தப் பெருந்தொழிலில் சேவலுக்கு நேர்ந்த கதிதான் விசித்திரமானது. முட்டைப் பண்ணைக்கு வேண்டியது பெட்டை மட்டும். பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவலாகவே இருப்பதால், அந்தப் பாதி பிறந்த அன்றே வேண்டாத சரக்காகிவிடுகிறது. பெரும்பாலானவை அன்றே கொல்லப்படுகின்றன. மிச்சத்தில் ஒரு பகுதி, ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் தோய்க்கப்பட்டுக் கூடைக்காரர் கையில் தெருத்தெருவாக வருகிறது. லேபர் கேம்ப்புக் குழந்தைகள் சில்லறை கொடுத்து வாங்கி, அட்டைப்பெட்டியில் வைத்து, அடுப்படிக் குருணையைத் தூவி வளர்க்க முயலுவது அந்தக் குஞ்சுகளைத்தான். பெரும்பாலும் சில நாளில் மாண்டுபோகும் அவற்றில், தப்பிப் பிழைத்துச் சாயம் உதிர்ந்து வெள்ளைச் சேவலாக ஓங்கி நிற்பது எங்கோ ஒன்று.

பண்ணையின் வெள்ளைச் சேவலைத் தெய்வம் ஏற்றுக்கொண்டால் கடைவாசலில் கூண்டு வைக்கவேண்டிய அவசியமே இராது. ஏற்றுக்கொள்ளுவதில்லை என்பதே சம்பிரதாயம். "அண்ணாச்சி, நேர்ச்சைக்கு ஒரு சேவல் வேணும், செவலையாப் பாருங்க" என்று கேட்டு வரும் பெண்ணுக்கு ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறிய பிராய்லர் கோழியைக் காட்டிப் பிரயோஜனமில்லை. அவளுக்கு வேண்டியது, மராட்டிய அண்டைவீட்டார் காவ்டி என்று சொல்லும் நாட்டுக்கோழி. அதிலும் ஊனமில்லாத, நிறம் கலவாத, கூவத் தொடங்கிய சேவல். வீட்டில் நாலு கோழி வளர்ப்பவரோ, முட்டைக்காகப் பெட்டையை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று கொத்திக்கொள்ளும் உபரிச் சேவல்களைத் தீவனக் கடையிலேயே கொடுத்துவிடுவது சுலபமென்று காணுகிறார். தீவனம் வாங்க வந்தவர் சேவலை விற்றுப் போகிறார். சேவல் வாங்க வந்தவர் நேர்ச்சை நாள்வரை அதைக் காப்பாற்றக் கம்பு வாங்கிப் போகிறார். இரண்டு தேவைகள் சந்திக்கும் இடமாகவே அந்தக் கூண்டு இருக்கிறது. பெட்டை வீட்டில் நின்றுவிட, சேவல் கடைக்கு வருவதன் காரணமும், எடையை விட நிறத்துக்கு விலை அதிகமாவதன் காரணமும் இதுவே. வனராஜா, கிரிராஜா என்று ஆராய்ச்சி நிலையங்கள் புறக்கடை வளர்ப்புக்காக உண்டாக்கிய வண்ணக் கோழிகளை நாட்டுக்கோழியென்று சொல்லி விற்கும் சாமர்த்தியமும், இந்த நிறப் பிரியத்தை நம்பிப் பிழைப்பதேயாகும்.

பலி கொடுக்கும் வழக்கத்துக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வந்ததென்று எண்ணிவிடக் கூடாது. தென்திருவிதாங்கூரில் 1809இல் தோன்றி 1851இல் மறைந்த வைகுண்ட சுவாமிகள், ஒடுக்கப்பட்ட ஜனங்களின் நடுவே நின்றே பலியை வேண்டாமென்று விலக்கினார். சென்னை ராஜ்யத்தில் 1950ஆம் வருஷத்திலேயே கோவில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஏட்டில் உறங்கிய அதனை 2003இல் தமிழக அரசு கண்டிப்பாக அமலாக்க முற்பட்டபோது, கிராமத்து ஜனங்களின் மனத்தாங்கல் எவ்வளவு ஆழமானதென்று தெரியவந்து, அடுத்த வருஷமே அந்தச் சட்டம் ரத்தாயிற்று. பெரிய கோவிலின் ஆசாரத்தை எல்லைத்தெய்வத்தின் மீது சுமத்துவது நியாயமா என்று அப்போது எழுந்த கேள்வி அலட்சியம் செய்யத் தக்கதன்று. முருகன் சந்நிதிகள் சிலவற்றில் சேவலை உயிரோடு காணிக்கையாக விடும் வழக்கம் இருப்பதையும், மனம் ஒப்பியவர்கள் அவ்வழியை நாடுவதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும்.

பிராணிகளிடத்துக் காருண்யம் பம்பாய்க்குப் புதிதன்று. 1834இலேயே ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலியோர் திக்கற்ற பிராணிகளுக்குப் பாஞ்சராபோல் நிறுவிய நகரம் இது. தேச முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்ததற்கு மூலகாரணமாக இருந்தவர், பரதநாட்டியத்துக்குப் புத்துயிர் அளித்த ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்யசபையில் அவர் கொண்டுவந்த மசோதாவின் தூண்டுதலால் 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்கீழ் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவரானார். அந்தச் சட்டத்தைப் படிப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவது குற்றம். ஒரு சமூகத்தின் மதம் விதித்த முறையில் பிராணியைக் கொல்லுவது அந்தச் சட்டத்தின்படி குற்றமாகாது. நியாயமான அளவு அசைவதற்கு இடமில்லாதபடி உயரமும் நீளமும் அகலமும் போதாத கூண்டில் எந்தப் பிராணியை அடைத்தாலும் அது குற்றம். முதல் இரண்டைப் பற்றித் தேசமெங்கும் வாதப்பிரதிவாதம் நடந்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றி வாய்திறப்பவர் குறைவு.

தீவனக் கடைக்கூண்டுக்கு எத்தனை நாள் ஆயுள் என்று சொல்லுவதற்கில்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, பம்பாயில் கோழியைத் தொடவே ஜனங்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் மாறியது. தோல் பதனிடும் கூடங்கள் தாராவியை விட்டு அகன்றன. பாந்திராவின் கசாப்புச்சாலை 1971இலேயே தேவனாருக்குப் போய்விட்டது. 2004இல் திட்டமாக எழுந்து, 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்த தாராவிப் புனரமைப்பு நிறைவேறுமானால், சந்துகள் இருந்த இடத்தில் மாடிக்கட்டடங்கள் நிற்கும். இருபதாவது மாடியில் குடியேறுகிறவர் தெய்வத்தை அங்கே கொண்டுபோவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சேவலைக் கொண்டுபோக முடியாது. அந்த வழக்கம் தொடரவேண்டுமா, உருமாறவேண்டுமா, நின்றுபோகவேண்டுமா என்பதை அதை அனுஷ்டிக்கும் ஜனங்களே தீர்மானிக்கட்டும். வெளியிலிருப்பவர் தீர்ப்புச் சொல்லுவது தகாது.

ஆனால் கூண்டைப் பற்றிச் சொல்லுவதற்கு யாருக்கும் உரிமையுண்டு. தலை நிமிர்த்தி நிற்கவும் சிறகு விரிக்கவும் இடமில்லாத கூண்டில், வெயிலில், தண்ணீர் இல்லாமல், ஐந்தாறு சேவல்களை ஒன்றாகத் திணித்து வைப்பதை எந்தச் சம்பிரதாயமும் விதிக்கவில்லை. சட்டமோ வெளிப்படையாக விலக்குகிறது. நேர்ச்சைக்கு வாங்குகிறவரானாலும் கறிக்கு வாங்குகிறவரானாலும், விலை பேசுமுன் கூண்டைப் பார்க்கட்டும். இடம் போதாதென்றால் அண்ணாச்சியிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு துண்டு நிழலும் கேட்கட்டும். கோழிக்குக் கல் நாட்டிப் பெயர் பொறித்த முன்னோரின் வழிவந்தவர்களுக்கு இது பெரிய காரியமன்று.